கரியை விற்பதா, புதைப்பதா?

பரமக்குடியிலிருந்து முதுகுளத்தூர் பக்கம் போய் வருகிறவர்களுக்கு அந்தப் புகை பழக்கமானதுதான். ரோட்டை விட்டுச் சற்றுத் தள்ளி ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடு, அதன் விலாவில் அங்கங்கே ஓட்டைகள், ஓட்டை வழியாக வெள்ளைப் புகை. உள்ளே டன் கணக்கில் சீமைக் கருவேல விறகு கிடக்கிறது. நெருக்கி அடுக்கி, மேலே இலைதழை பரப்பி, ஈரமண்ணால் பூசி, தீ மூட்டிவிட்டு வாயை அடைத்துவிடுவார்கள். அப்புறம் ஒரு வாரம், பத்து நாள் காவல் கிடக்க வேண்டும். ராத்திரி எழுந்து போய்ப் பார்க்காவிட்டால் சரிப்படாது. எங்காவது மண் வெடித்துக் காற்று உள்ளே புகுந்தால் விறகு கரியாகாமல் சாம்பலாகிவிடும். புகை வெள்ளையாக அடர்ந்து வரும்வரை விறகில் ஈரம் இருக்கிறது. மெலிந்து நீலம் பாரித்தால் வெந்துவிட்டது. கரிமூட்டம் போடுகிறவர் இதைக் கண்ணாலேயே படித்துவிடுவார்.

இந்தக் கரி மூட்டையாகி லாரி ஏறும். இஸ்திரிப் பெட்டிக்கும் ஓட்டல் அடுப்புக்கும் ஆலைகளுக்கும் போகும். எங்கே போனாலும் முடிவு ஒன்றுதான்: எரிந்து புகையாகும். இப்போது விஞ்ஞானிகளும் கார்பன் வியாபாரிகளும் வந்து, "அதை எரிக்காதே, வயலில் புதை" என்கிறார்கள். மண்ணில் போடுவதற்கென்று செய்த கரிக்குப் பயோசார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் உயிர்க்கரி. மண் வளமாகும், புவி சூடாவதும் தணியும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பது பிரசாரம். இரண்டு மாங்காயும் விழக்கூடியவைதான். ஆனால் எந்த மண்ணில், எப்படிச் செய்த கரியால் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் கல்தான் வீணாகும்.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். விறகு, தட்டை, உமி, மட்டை என்று எந்தத் தாவரப் பொருளையும் காற்று இல்லாமல், அல்லது மிகக் குறைந்த காற்றில், 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் அதிலிருக்கும் நீரும் எண்ணெய்ப்பசையும் வாயுக்களும் வெளியேறிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் கரிமம். நன்றாகச் செய்தால் காய்ந்த விறகின் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை கரியாகக் கிடைக்கும். மரத்தில் நீர் ஏறிய குழாய்கள் கரியிலும் அப்படியே நிற்கும்; ஒரு துண்டை உடைத்து லென்சில் பார்த்தால் தேனடை மாதிரி தெரியும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளையும் சேர்த்து விரித்தால், ஒரு கிராம் கரிக்குள் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு இருக்கும். ஒரு கிராம் என்பது இரண்டு விரலால் கிள்ளி எடுக்கும் அளவு.

நமக்கு இது புதுச் சரக்கும் அல்ல. உமிக்கரியால் பல் தேய்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ஜப்பானில் உமியைக் கருக்கி நாற்றங்காலில் போடுவது பழைய வழக்கம். அதற்கு "குந்தான்" என்று பேர்.

உலகம் இதைத் திரும்பிப் பார்த்ததற்குக் காரணம் அமேசான். அந்தக் காட்டு மண் வெளுத்த, சத்தில்லாத, புளித்த மண். மழை கொட்டிக் கொட்டிச் சத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். அதற்கு நடுவே அங்கங்கே கன்னங்கரேல் என்று திட்டுத்திட்டாக வேறொரு மண். போர்த்துகீசிய மொழியில் "தெர்ரா பிரேட்டா", கறுப்பு மண். சில இடங்களில் இரண்டு மீட்டர் ஆழம் வரை போகும். தோண்டினால் பானை ஓடு, மீன் முள், எலும்பு, கூடவே கரி. சுற்றியுள்ள மண்ணைவிட எழுபது மடங்கு வரை கரி. டச்சு மண்ணியலாளர் விம் சோம்புரூக் 1966இல் அமேசான் மண்களைப் பற்றி எழுதிய நூலில் இதை விரிவாகப் பதிவு செய்தார். ஐரோப்பியர் வருவதற்கு முன்பு அங்கே குடியிருந்த மக்கள் அடுப்புச் சாம்பலும் கரியும் குப்பையும் மலமும் எலும்பும் கொட்டிக் கொட்டி உண்டான மண் அது. பெரும்பாலானவை 500 முதல் 2,500 ஆண்டு வரை பழையவை. கொட்டியவர்கள் போய்ச் சேர்ந்து நூற்றாண்டுகள் ஆகியும் மண் மங்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்லித்தான் பயோசார் மூட்டை விற்கப்படுகிறது. ஆனால் கதையில் பாதியை விட்டுவிடுகிறார்கள். அமேசான்காரர்கள் வெறும் கரியைப் போடவில்லை. குப்பையோடு கரியைப் போட்டார்கள். அதுவும் தலைமுறை தலைமுறையாக. மணிச்சத்து மீன் முள்ளிலிருந்தும் எலும்பிலிருந்தும் வந்தது, கரியிலிருந்து அல்ல. கரி செய்த வேலை, வந்த சத்தை ஓடவிடாமல் பிடித்துவைத்தது.

இதை நான் என் தலையில் நானே கொட்டிக்கொண்டு தெரிந்துகொண்டேன். கொல்லையில் ஒரு குழி வெட்டினேன். வாய் அகலம், அடி குறுகல், புனல் மாதிரி, மூன்றடி ஆழம். அடியில் சுள்ளியைப் பற்ற வைத்து, காய்ந்த கருவேலங்குச்சிகளை ஒரு அடுக்குப் போட்டேன். குச்சியின் மேல் வெள்ளையாகச் சாம்பல் படரத் தொடங்கும்போது அடுத்த அடுக்கு. மேலடுக்கில் எரியும் தீ காற்றைக் குடித்துவிடுவதால் கீழடுக்குக்குக் காற்று கிடைப்பதில்லை. அது கரியாகவே நின்றுவிடுகிறது. கீழிருந்து வரும் புகையும் மேலே உள்ள தீயில் எரிந்துவிடுவதால் கண் எரிச்சல் கூட இல்லை. இரண்டரை மணி நேரத்தில் குழி நிறைந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன், புஸ்ஸென்று அடங்கியது. மறுநாள் கரியைப் பொடித்துப் பெருமையாக இரண்டு கீரைப் பாத்தியில் கொத்திவிட்டேன்.

பத்தாம் நாள் கீரை மஞ்சள். பக்கத்தில் கரி போடாத பாத்தியில் பச்சைப்பசேல். பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர், "பட்டினிக்காரனைக் கொண்டுபோய்ப் பந்தியில் உட்கார வைத்திருக்கிறாயே தம்பி" என்றார். அவர் எந்தப் புத்தகமும் படித்தவரல்ல, நடந்தது அதுதான். புதுக் கரியின் துளைகள் காலி. மண்ணிலும் எருவிலும் தழைச்சத்தாக இருந்த அம்மோனியத்தை அது முதலில் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கரியில் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்ச எண்ணெய்ப்பசையைத் தின்னக் கிளம்பும் நுண்ணுயிர்களும் தழைச்சத்தைக் கேட்கும். செடிக்கு மிச்சம் இருக்காது. அடுத்த தடவை அதே கரியைச் சாணிக்கரைசலிலும் மாட்டு மூத்திரத்திலும் மூன்று வாரம் ஊறப்போட்டு, தொழு உரத்தோடு கலந்து போட்டேன். கீரை மஞ்சளாகவில்லை.

கரி உரம் அல்ல; உரத்துக்கு வீடு. கொஞ்சம் சாம்பல்சத்து, சுண்ணாம்புச்சத்து உண்டு. அதைத் தவிர சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஆனால் நாளாக ஆக அதன் மேற்பரப்பு காற்றோடும் நீரோடும் வினைபுரிந்து, சத்துகளைப் பிடித்துவைக்கும் திறன் கூடிக்கொண்டே போகும். புதுக் கரியைவிடப் பழைய கரி மேல். மண்ணில் போடும் மற்றவற்றில் இந்தக் குணம் அரிது. எரு போட்டால் ஓரிரு வருஷத்தில் மட்கிக் கரைந்துவிடும். நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் "குறைவு" என்று போடுவார்கள். மானாவாரிச் செம்மண் நிலக்காரர் பலருடைய அட்டையில் அந்தச் சொல்தான் இருக்கும். வருஷா வருஷம் குப்பை அடித்தும் ஏறாத அந்த அளவை ஏற்ற, மட்காத ஒன்று வேண்டும் என்பது கரிக்கான நியாயமான வாதம்.

எந்த மண்ணுக்கு?

மண் ஆய்வாளர் சைமன் ஜெஃப்ரியும் கூட்டாளிகளும் உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2017இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வெப்பமண்டல நாடுகளில் சராசரியாக 25 சதவீதம் விளைச்சல் கூடியது. மிதவெப்பமண்டல நாடுகளில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை. இதைப் பார்த்துவிட்டு, "நாம் வெப்பமண்டலம்தானே, 25 சதவீதம் நமக்கு" என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. ஆய்வு சொன்ன காரணம் வேறு. அந்த வெப்பமண்டல மண்கள் பெரும்பாலும் அமில மண்கள், சத்துக் குறைந்தவை, உரம் அதிகம் காணாதவை. கரி அங்கே சுண்ணாம்பு மாதிரி வேலை செய்து புளிப்பை முறித்தது. கார அமில நிலை (pH) 7 என்றால் நடுநிலை, கீழே போனால் புளிப்பு, மேலே போனால் காரம்; கரிக்கு அது பொதுவாக 8, 9, சில சமயம் 10க்கும் மேல்.

அப்படியானால் ஏற்கெனவே 8.5இல் இருக்கும் மண்ணில் அதைப் போட்டால்?

நம்மூர் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. சீமைக் கருவேலம் அடர்ந்து கிடப்பது ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிக் கரிசலிலும் உவர் நிலத்திலும். கரி இருக்கும் இடம் அது. ஆனால் அந்த மண்ணில் கணிசமானது சுண்ணாம்பு ஏறிய கரிசல், அல்லது சோடியம் ஏறிக் கெட்டுப்போன களர். அங்கே கரி போடுவது புண்ணில் உப்புத் தேய்ப்பது மாதிரி ஆகிவிடக்கூடும். துத்தநாகம், இரும்பு மாதிரி நுண்சத்துகள் செடிக்குக் கிடைப்பது இன்னும் குறையும். களருக்கு வேண்டியது ஜிப்சமும் வடிகாலும். கரி கேட்கும் மண் வேறு இடத்தில் இருக்கிறது: நீலகிரி, வால்பாறைத் தேயிலைச் சரிவுகள், கன்னியாகுமரி மேட்டுநிலம், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துச் செம்மண்ணும் செம்புரை மண்ணும். இதில் நீலகிரிக்குக் கரி ஏற்றினால் லாரி வாடகையே கரியின் விலையை மிஞ்சிவிடும். தேயிலைக்கு ஓரளவு புளித்த மண்தான் பிடிக்கும் என்பதால் அங்கேயும் கை அளந்துதான் போட வேண்டும். சிவகங்கை, புதுக்கோட்டை என்றால் பக்கம். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டில் உயிர்க்கரிக்கு முதல் இடம் அந்த மணற்பாங்கான செம்மண் மானாவாரிதான். மழை பெய்த மூன்றாம் நாள் காய்ந்துவிடும் மண் அது. மணல்சாரி மண்ணில் கரி தண்ணீரைப் பிடித்துவைப்பது தெளிவாகத் தெரியும். களிமண்ணில் அந்த அளவுக்கு இல்லை.

அடுத்தது பணம். சோதனைகளில் ஹெக்டேருக்கு 10 டன் என்பது சாதாரணமான அளவு. ஏக்கருக்கு 4 டன். கரி கிலோ 10 ரூபாய் என்று மிகவும் குறைத்தே வைத்துக்கொள்வோம்: ஏக்கருக்கு 40,000 ரூபாய். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும் நாட்டில், கம்பும் துவரையும் போடும் ஒருவரிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பார். மூட்டம் போடத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் பெரிதாகச் சிரிப்பார். அவருக்கு அந்த 4 டன் கரி விற்றால் காசு, புதைத்தால் மண்.

அதனால்தான் நிலம் முழுக்கத் தூவும் கணக்கை நான் நம்புவதில்லை. குறைந்த கரியை வேருக்குப் பக்கத்தில், ஊட்டமேற்றி வைக்கும் வழி ஒன்று இருக்கிறது. நேபாளத்தில் பூசணியில் செய்து 2015இல் வெளியான ஒரு சோதனையில், மாட்டு மூத்திரம் ஊறிய கரியை ஹெக்டேருக்கு வெறும் 750 கிலோ வேர்ப்பகுதியில் வைத்தார்கள். மூத்திரம் மட்டும் விட்டதைவிட விளைச்சல் நான்கு மடங்கு வந்தது. ஒரு பயிர், ஓரிடத்துச் சோதனை. அதை வைத்து ஊருக்கெல்லாம் நான்கு மடங்கு என்று தண்டோரா போடக்கூடாது. ஆனால் 10 டன்னுக்கும் 750 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சிறு விவசாயிக்கு வாழ்வா சாவா வித்தியாசம்.

வானத்துக் கணக்கு

மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து உடம்பாக்கிக்கொள்கிறது. எரித்தால் அன்றைக்கே, மட்கினால் சில வருஷத்தில், எடுத்ததை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். நடுவில் புகுந்து அதில் ஒரு பங்கைக் கரியாக்கி மண்ணில் போட்டால், அந்தப் பங்கு நெடுங்காலத்துக்குத் திரும்பாது.

4 டன் காய்ந்த விறகிலிருந்து 1 டன் கரி. அதில் முக்கால் பங்கு, அதாவது 750 கிலோ, கரிமம். எவ்வளவு காலம் தங்கும் என்பதற்கு ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசி 2019இல் ஒரு மதிப்பீடு தந்திருக்கிறது: 450 முதல் 600 டிகிரியில் செய்த கரியென்றால் நூறாண்டு கழிந்தும் 80 சதவீதம் மண்ணில் இருக்கும், 600க்கு மேல் என்றால் 89, 450க்குக் கீழே என்றால் 65தான். 80 என்றே வைத்தால் 600 கிலோ. கரிமத்தைக் கரியமில வாயுவாக மாற்ற 3.67ஆல் பெருக்க வேண்டும். ஆக, 1 டன் கரி ஏறத்தாழ 2.2 டன் கரியமில வாயுவை வானத்திலிருந்து இறக்கி வைக்கிறது. இதோடு, உரம் போட்ட மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடையும் கரி பல சோதனைகளில் குறைத்திருக்கிறது. அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு வீரியமான வாயு. நஞ்சை வயலின் மீத்தேன் விஷயத்தில் மட்டும் முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன.

இந்த 2.2 டன்னை முதலில் பார்த்த மண்மேட்டோடு சேர்த்துப் பாருங்கள். மூட்டத்தில் கிடைக்கும் கரி பெரும்பாலும் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான். மிச்சம் புகை. பத்து நாள் கசியும் அந்த வெள்ளைப் புகையில் மீத்தேன் இருக்கிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 27 மடங்குக்கும் மேல் சூடேற்றும். இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் 80 மடங்கு. ஆக, மூட்டத்துக் கரியை வாங்கி வயலில் போட்டுவிட்டு "பூமியைக் காப்பாற்றினேன்" என்று சொன்னால், புதைத்த புண்ணியத்தில் பெரும்பங்கைப் புகையே தின்றிருக்கும். மூட்டம் போடுகிறவரின் நுரையீரல் தனிக்கணக்கு.

புகையை எரித்துவிடும் அடுப்பு வேண்டும் என்பது இதனால்தான். நான் வெட்டிய புனல் குழியின் தத்துவத்தை இரும்பில் செய்து, 2014இல் பயோசார் ஆய்வாளர்கள் ஹான்ஸ்-பீட்டர் ஷ்மிட்டும் பால் டெய்லரும் "கோன்-டிக்கி" என்ற பெயரில் பரப்பினார்கள். மேலே நிற்கும் தீ ஒரு திரை மாதிரி; காற்றை உள்ளே விடாது, புகையை வெளியே விடாது. ஐதராபாத்தில் உள்ள மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 200 லிட்டர் எண்ணெய் டிரம்மையே சூளையாக்கிப் பருத்திமாறு, துவரைமாறு, ஆமணக்குத் தட்டைகளைக் கரியாக்கிக் காட்டியிருக்கிறது. பெரிய ஆலைகளில் அந்த வாயுவை எரித்து அதன் சூட்டையே சூளைக்குத் திருப்புகிறார்கள்.

இனி கார்பன் சந்தை. புதைத்த கரிக்கு டன் கணக்கில் சான்றிதழ் கொடுத்து, அதைப் பன்னாட்டு நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். 2025 ஜனவரியில் கூகுள், இந்தியாவின் வராஹா நிறுவனத்திடமிருந்து 2030க்குள் ஒரு லட்சம் டன் கரியமில வாயுவுக்கான சான்றிதழ் வாங்க ஒப்பந்தம் போட்டது. அதே வராஹா குஜராத்தில் கரியாக்கும் சரக்கு எது தெரியுமா? நம்ம சீமைக் கருவேலம்தான். கட்ச் பகுதிப் புல்வெளிகளையும் அது நம் கண்மாய்களை மாதிரியே தின்றிருக்கிறது.

தமிழ்நாட்டில் 2022இல் வெளியிலிருந்து வந்து பரவி ஆக்கிரமிக்கும் அயல் தாவரங்களை அகற்றக் கொள்கையே வந்துவிட்டது. சீமைக் கருவேலம் அதில் முக்கியப் புள்ளி. வெட்டிய மரத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு உயிர்க்கரி நல்ல பதில்தான். ஆனால் ஒரு சந்தேகம் எனக்கு விட்டபாடில்லை. ஒரு மரத்தின் கரிக்கு டாலரில் விலை வந்துவிட்டால், அந்த மரத்தை ஒழிக்க யாருக்கு மனசு வரும்? தூரோடு பிடுங்காமல் அடியில் வெட்டிவிட்டு, மூன்று வருஷத்தில் திரும்ப வந்து வெட்டுவதுதான் இப்போதே வழக்கம். மூட்டத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் தென்மாவட்டங்களில் ஏராளம். சான்றிதழ் பணத்தில் அவர்களுக்கு வருவது வெட்டுக்கூலி மட்டுமா, பங்கும் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டுத்தான் சூளை பற்ற வைக்க வேண்டும்.

எதைக் கரியாக்கக்கூடாது என்பதும் ஒன்று. வைக்கோலும் சோளத்தட்டையும் மாட்டுத் தீனி; அதைக் கரியாக்குவது மாட்டின் வாயைக் கட்டுவது. மட்கி எருவாகக்கூடிய பசுந்தழையும் அப்படித்தான். கரிக்கு உரியவை மாடு தொடாத, மட்க மறுக்கும் முரட்டுப் பொருள்கள்: பருத்திமாறு, துவரைமாறு, தென்னை மட்டையின் அடிப்பகுதி, முருங்கை, முந்திரி கவாத்துக் கிளை, மக்காச்சோளச் சக்கை, வயலிலேயே கொளுத்தப்படும் கரும்புச் சோகை. காங்கேயம் வட்டாரத்துச் சிரட்டைக்கரி தரமானது. ஆனால் வடிகட்டிகளுக்கான ஆக்டிவேட்டட் கார்பன் செய்யும் ஆலைகள் கொடுக்கும் விலைக்கு அதை யாரும் வயலில் போட மாட்டார்கள், போடவும் தேவையில்லை. பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் கலந்த குப்பை எதுவும் சூளைக்குள் போகக்கூடாது. ஒரு தடவை நஞ்சு சேர்ந்தால் கரி மாதிரியே அதுவும் மண்ணை விட்டுப் போகாது. களைக்கொல்லி அடிக்கிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: மருந்தையும் கரி உறிஞ்சிக்கொள்ளும், களை சாகாது.

செய்து பார்க்க நினைப்பவர் முதலில் மண்ணைச் சோதித்து, கார அமில நிலை 7க்குக் கீழே இருந்தால் மட்டும் இறங்கலாம். வீட்டுக்குப் பின்னால் குழி போதும், மூட்டை வாங்க வேண்டாம். கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்த கையோடு, ஈரமாக இருக்கும்போதே பொடிக்க வேண்டும். காய்ந்தால் தூசி மூக்கில் ஏறும். மாட்டுக் கொட்டகையில் மூத்திரம் ஓடும் இடத்தில் பரப்பிவிட்டால் நாற்றமும் குறையும், கரியும் நிறையும். ஒரு மாதம் கழித்து வாரிக் குப்பையோடு சேர்த்து, கத்தரிக்கோ தக்காளிக்கோ நடும் குழிக்கு ஒரு கை. எல்லாக் குழிக்கும் போட்டுவிடாமல் இரண்டு வரிசையைக் கரியில்லாமல், அதே எருவோடு விட்டுவிடுங்கள். காய் பறிக்கும்போது அந்த இரண்டு வரிசையைத் தனியாக எடை போட ஒரு தராசு இருந்தால் போதும்.